ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால்

“நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்த பிள்ளை, ஒரு வயசு தாண்டினதும் வாயே திறக்க மாட்டேங்குது.” சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால் இந்தப் புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. எங்கள் வீட்டிலும் இப்போது அதே வயதில் ஒருத்தி இருக்கிறாள், ஒரு நாள் தட்டை வழித்துச் சாப்பிடுவாள், மறுநாள் இரண்டு வாயோடு எழுந்து ஓடிவிடுவாள். நான் அவளைத் துரத்துவதில்லை. என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது, எங்கே உட்காரவைத்துக் கொடுப்பது இதெல்லாம் பெரியவர்கள் வேலை. சாப்பிடலாமா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ரொம்ப காலம் முன்பே இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டார், பிள்ளை வளர்ப்பு பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிட உருப்படியானது வேறில்லை.

பசி ஏன் குறைகிறது என்று புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும். 3 கிலோவோடு பிறந்த குழந்தை முதல் பிறந்தநாள் வருவதற்குள் கிட்டத்தட்ட 9 கிலோ ஆகிவிடுகிறது, மூன்று மடங்கு. அடுத்த வருஷம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் 2 கிலோ, மிஞ்சினால் இரண்டரை கிலோதான் ஏறும். உயரமும் முதல் வருஷம் 25 செ.மீ. கூடினால் அடுத்த வருஷம் அதில் பாதிதான். வளர்ச்சி வேகம் இவ்வளவு இறங்கும்போது பசி மட்டும் எப்படி அப்படியே இருக்கும்? போன மாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டதை வைத்து இந்த மாதமும் ஒரு கிண்ணம் இறங்க வேண்டும் என்று நிற்பது அந்தச் சின்ன வயிற்றுக்குச் செய்கிற அநியாயம்.

அப்புறம் இந்த ஏற்ற இறக்கம். 1991-இல் லியான் பர்ச் என்ற ஆய்வாளரின் குழு, 2 வயதிலிருந்து 5 வயது வரையுள்ள 15 பிள்ளைகள் சாப்பிட்டதையெல்லாம் 6 நாள் அளந்து பார்த்தது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் பெரிய வித்தியாசம், ஆனால் ஒரு நாளின் மொத்தத்தைக் கூட்டினால் அவ்வளவு மாறவில்லை. காலையில் குறைத்த பிள்ளை பிறகு ஈடுகட்டிக்கொள்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வேளைக்கு வேளை கணக்குப் பார்த்துக் கண் கலங்கும் அம்மாக்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். போனைக் கையில் கொடுத்து, பிள்ளை படத்தில் மெய்மறந்திருக்கும்போது வாயில் திணிப்பது. தட்டு காலியாகிறது, சரி. வயிறு நிறைந்ததை உணர்ந்து ‘போதும்’ என்று தலையைத் திருப்பத் தெரிந்த பிள்ளைக்கு அந்த உணர்வையே கவனிக்காமலிருக்கப் பழக்குகிறோமே! ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. கையைப் பிடித்து ஊட்டுவதும் மிரட்டுவதும் இதே வகைதான். ‘காயைச் சாப்பிட்டால் மிட்டாய்’ என்ற பேரம் இன்னும் மோசம், காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய தண்டனை, மிட்டாய்தான் பரிசு என்று அது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

பல வீடுகளில் யாரும் கவனிக்காத இன்னொரு விஷயம் பால். சாப்பிடவில்லையே என்று ஒரு டம்ளர், தூங்கும்முன் ஒரு பாட்டில், நடுவில் எழுந்தால் இன்னொன்று. வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்? பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும். பாலிலேயே வளர்கிற பிள்ளைக்கு ரத்தசோகை வரலாம், ரத்தசோகை வந்தால் பசி இன்னும் குறையும், சாப்பிடவில்லையே என்று இன்னும் பால் கொடுப்போம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் போதும். ஜூஸும் பிஸ்கட்டும் இதே கதைதான். சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் நேரம் வைத்து, நடுவில் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பாருங்கள், பசி தானாக வரும்.

புதுக் காயைத் துப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். 8 முதல் 15 தடவை வரை பார்த்துப் பழகிய பிறகுதான் பல பிள்ளைகள் ஒரு புதுச் சுவையை ஏற்கும், அதனால் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பிள்ளை தொட்டுப் பிசைந்தாலும் சரி.

இதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, விழுங்கும்போது திணறினாலோ, வெளிறிச் சோர்ந்து கிடந்தாலோ தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலச்சிக்கலையும் சொல்லுங்கள், அது பசியை நன்றாகவே அடக்கிவிடும். போகும்போது எடையும் உயரமும் குறித்த வளர்ச்சி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது என்ற கணக்கு அங்கே தேவைப்படாது.