100 மீற்றர் என்பது எத்தனை முழம்?

"திமிங்கலம் பார்க்கப் போனீர்களே, கண்டீர்களா?" என்று சொந்தமும் நட்பும் மாறி மாறிக் கேட்கின்றன. கண்டோம். நீலத் திமிங்கலத்தையே கண்டோம், அதுவும் இரண்டு தடவை. ஆகவே "அதிர்ஷ்டம் இல்லைப் போல" என்று யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம். என் வயிற்றெரிச்சல் எல்லாம் கண்ட விதத்தைப் பற்றியது.

டிசம்பர் விடுமுறைக்குத் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸ போவோம் என்று சொன்னது நான்தான். என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய அறைச் சுவரில் ஒரு வருடமாகத் திமிங்கலப் படங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. நீலத் திமிங்கலத்தின் நாக்கு மட்டும் ஒரு யானையின் எடை இருக்கும் என்று இடியப்பம் பிசையும்போது பாடம் எடுப்பான். கொழும்பிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில் உலகத்தின் மிகப் பெரிய உயிர் நீந்திக்கொண்டிருக்கிறது, நாங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. திருகோணமலையிலிருந்து வந்திருந்த மாமாவும் மாமியும் சேர்ந்துகொண்டார்கள். வான் வண்டியில் ஏறும்போது மாமா ஒன்று சொன்னார்: "கோணேசர் கோவில் மலையில் நின்று நாங்கள் ஒரு சதம் செலவில்லாமல் பார்த்திருக்கிறோம், பிள்ளை." மனிதர் ஊர்ப் பெருமை பேசுகிறார் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிக்கெட் விற்ற இடத்தின் பலகையில் "நிச்சயம் காணலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "கவலையே வேண்டாம், கையால் தொடுகிற மாதிரிப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவோம்" என்றார் அந்த மனிதர். முகத்தில் அப்படியொரு பெருமை. ஏதோ எங்களுக்கு மட்டும் செய்யும் சலுகை போல.

இந்த நாட்டில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. 2012 இல் வந்தது. திமிங்கலத்துக்கு 100 மீற்றர், டொல்பினுக்கு 50 மீற்றர், அதற்குள் படகு போகக் கூடாது. அந்தச் சட்டத்தை மீறித் தருவதாகத்தான் அவர் எனக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நானும் காசை எண்ணிக் கொடுத்தேன். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகம். இரண்டு தட்டுப் படகு, மேலும் கீழுமாக நாற்பது பேருக்குக் குறையாது. முந்தைய நாள் வேர்வை காயாத பாதுகாப்பு அங்கி. பெட்டியில் இரண்டு துண்டு பாண், அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். குமட்டலுக்கு மாத்திரை கொடுத்தார்கள், படகு துறையை விட்டு வெளியே வந்து ஆடத் தொடங்கிய பிறகு! அதைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது விழுங்கியிருக்க வேண்டும் என்பது படகு ஏறாத எனக்கே தெரியும். தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாதா? மாத்திரையின் பின்னாலேயே பொலித்தீன் பைகளும் வந்தன. மாமி முந்தானையில் முடிந்து வந்த தேசிக்காயை முகர்ந்தபடி முதல் ஒரு மணி நேரத்தை ஓட்டினார். பிறகு தேசிக்காயும் கைவிட்டது. மீதி மூன்று மணி நேரமும் அவர் கண்ட கடல் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

சரி, இதெல்லாம் கடல் பயணத்தில் சகஜம். இதற்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

தெற்கே தெவிநுவர வெளிச்சவீட்டுக்கு அப்பால் கடலடித் திட்டு மிகக் குறுகியது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சரிந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்தச் சரிவின் விளிம்பில் இறால் போன்ற சிற்றுயிர்கள் திரளும். அவற்றைத் தின்னத்தான் திமிங்கலங்கள் அங்கே நிற்கின்றன. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் இரைக்கு ஒரு கடல், குட்டி போட இன்னொரு கடல் என்று துருவத்துக் குளிர்நீருக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே அலையும். எங்கள் பக்கத்துக் கூட்டம் வருடம் முழுவதும் இந்த வெதுவெதுப்பான கடலிலேயே வயிறு வளர்க்கிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ். 2003 இல் கடலில் அவர் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? செக்கச் சிவந்த திமிங்கலச் சாணம்! தின்ன வந்த இடம் இதுதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? என் மகனுக்கு இந்தக் கதை மனப்பாடம். சாணம் என்ற சொல் வருவதால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆக நாங்கள் போனது அதன் சாப்பாட்டு மேசைக்கு. ஒருவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது பதினொரு பேர் டீசல் எஞ்சினோடு உள்ளே நுழைந்தால் எப்படி இருக்கும்?

ஆம், பதினொரு படகு. எண்ணியது என் மகன். முதலில் தூரத்தில் நீர்த்தாரை எழுந்தது. முப்பதடி உயரத்துக்குக் குறையாத வெள்ளைப் புகைத் தூண், இரண்டு மூன்று விநாடி நின்று கலைந்தது. படகே மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த ஒரு நிமிடம் மட்டும் கொடுத்த காசுக்குச் சமம், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிடமே பதினொரு எஞ்சினும் ஒன்றாக உறுமின. கரும்புகை எங்கள் முகத்தில் அடித்தது. இடமிருந்து ஒருவர், வலமிருந்து ஒருவர், மினிபஸ்கள் பயணிக்காக முந்துவது போலக் குறுக்கே விழுந்து பாய்ந்தார்கள். நெருங்கியபோது ஒரு முதுகு தெரிந்தது. சாம்பலும் நீலமும் கலந்து, புள்ளி புள்ளியாக, ஈரக் கருங்கல் போல. அது நீண்டுகொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வெகு பின்னால் ஒரு சின்னஞ்சிறு துடுப்பு. மூச்சு விடும் ஓசை, பெரிய லொறியின் பிரேக் காற்று இறங்குவது போல இருந்தது. கூடவே அழுகிய மீன் வாடை.

நூறு மீற்றரா? நான் படித்த பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் நூறு மீற்றர் ஓட்டம் ஓடியிருக்கிறேன். எனக்கு அந்தத் தூரம் தெரியும். எங்களுக்கு முன்னால் நின்ற படகுக்கும் அந்த முதுகுக்கும் இடையே எங்கள் வீட்டு முற்றத்தின் அகலம்கூட இல்லை.

நீலத் திமிங்கலம் மேலே வந்தால் சில நிமிடம் நின்று நாலைந்து தடவை மூச்செடுக்கும். பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பத்து நிமிடத்துக்கு மேல் ஆழத்தில் இரை தேடும். அந்த நாலைந்து மூச்சுத்தான் அடுத்த முங்குக்கு அதன் கைமுதல். நாங்கள் பார்த்தது இரண்டாவது மூச்சோடு உள்ளே போய்விட்டது. அது இறங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வட்டமாக ஒரு தெளிந்த தடம் மிதந்தது. மகன் அதைக் காட்டி, "அம்மா, இதுதான் அதன் காலடி" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த படகு அதன் நடுவே ஓடிப் போய்விட்டது.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். அது போகும் திசையைக் கணித்து, எங்கள் படகு முன்னால் சுற்றிப்போய் மறித்தது. தட்டில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்தார்கள். "இன்னும் கிட்ட! இன்னும் கிட்ட!" என்று ஒருவர் நாலு மொழியில் கத்தினார். நானும் எழுந்தேன். கைத்தொலைபேசியை உயர்த்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்க மாட்டேன். அந்தப் படத்தை வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு தொப்பி, இரண்டு முழங்கை, மற்றொரு படகின் பின்பக்கம். மூலையில் கறுப்பாக ஏதோ ஒன்று. அது திமிங்கலமாகவும் இருக்கலாம், டயராகவும் இருக்கலாம்.

படகில் வேலை செய்த பையனைப் பிடித்துக் கேட்டேன், ஏன் தம்பி இப்படித் துரத்துகிறீர்கள் என்று. தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னான்: "தூரத்தில் நின்றால் ஆட்கள் ஏசுவார்கள், அக்கா. நாளைக்கு அடுத்த படகுக்குப் போய்விடுவார்கள்." அவன்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பு அப்பாவோடு மீனுக்குப் போனவனாம். கோபமெல்லாம் அந்த "நிச்சயம் காணலாம்" பலகைமேல்தான். காட்டில் திரியும் விலங்கை, கடலில் திரியும் உயிரை, நிச்சயம் என்று விற்றவுடனேயே துரத்துவதும் அந்த விலைக்குள் வந்துவிடுகிறது. நியூசிலாந்தின் கைக்கோராவில் மாவோரி மக்கள் 1987 இல் தொடங்கிய படகுச் சேவை ஒன்று இருக்கிறது. திமிங்கலம் தென்படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். "காணாமலும் போகலாம்" என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வியாபாரம் அது. இங்கே நான் எங்கும் கேட்காத வாக்கியமும் அதுதான்.

நடுவில் மலை போல ஒரு கொள்கலன் கப்பல் போனது. கிழக்குக்கும் மேற்குக்கும் ஓடும் பெருங்கப்பல்களின் நெடுஞ்சாலை அந்தத் திமிங்கல விளிம்பை உரசித்தான் போகிறது. அடிபட்டுச் செத்து மிதப்பவை உண்டு. 2022 இல் எம்.எஸ்.சி. என்ற உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் தானாகவே தன் பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிவைத்தது. எவ்வளவோ எரிபொருள் செலவு செய்து அத்தனை பெரிய கப்பல் விலகிப் போகிறது, எங்கள் பதினொரு படகும் கிட்டப் போகிறோம். துரத்தத் துரத்த அந்த விலங்கு எந்தப் பக்கம் ஒதுங்கும்? கரைப் பக்கமா? கப்பல் போகும் பக்கம்தானே.

"இப்படி ஆட்கள் வந்து பார்ப்பதால்தான் திமிங்கலங்களைக் கொல்லாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்" என்று வான் ஓட்டுனர் எனக்கு விளக்கம் சொன்னார். எந்த நாட்டுக் கதை இது? திமிங்கல வேட்டை இந்தக் கரையில் ஒரு தொழிலாக இருந்ததே இல்லை. 1960களில் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்று குவித்தவை சோவியத் கப்பல்கள். 1979 இல் இந்து சமுத்திரத்தை வேட்டையில்லாக் கடல் என்று அறிவித்தாயிற்று. அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான் மிரிஸ்ஸவில் இந்த வியாபாரமே சூடு பிடித்தது. காப்பாற்றிய பெருமையைத் திமிங்கலத்திடம் டிக்கெட் போட்டு வசூலிக்க வேண்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் என் கணவர் வாயைத் திறந்தார்: "அடுத்த தடவை கற்பிட்டிக்குப் போவோம். அங்கே டொல்பின் நூற்றுக்கணக்கில் வருமாம்." வானுக்குள் எனக்கு வந்த கோபத்தில் மாமியின் மயக்கமே தெளிந்துவிட்டது. கற்பிட்டியில் கூட்டம் கூட்டமாக வருவது சுழல் ஓங்கில் என்ற டொல்பின் இனம். துள்ளும்போது பம்பரம் போலச் சுற்றுவதால் அந்தப் பெயர். அவை இரவெல்லாம் ஆழக் கடலில் இரை பிடித்துவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கிற சாதி. நாங்கள் எத்தனை மணிக்குப் போவோம்? காலை ஏழு மணிக்கு! இரவு வேலை முடித்து வந்து படுத்தவன் காதில் நாதஸ்வரம் வாசிக்கப் போவதற்குப் பெயர் சுற்றுலாவா? ஹவாயில் 2021 முதல் இந்த ஓங்கில்களுக்குக் கிட்டத்தட்ட 46 மீற்றருக்குள் நீந்தியோ படகிலோ போகக் கூடாது என்று தடையே போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரையும் ஒரே கோணியில் கட்டவும் மனம் வரவில்லை. அந்தப் பதினொன்றிலும் சேராத ஒரு படகு மட்டும் வெகு தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு அசைந்துகொண்டிருந்தது. கடைசிவரை கிட்ட வரவே இல்லை. அதில் இருந்தவர்கள் என்ன கண்டார்களோ, எங்களைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்களோ! அந்தப் படகின் பெயரைக் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பையனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கரையில் இறங்கியதும் புன்னகை முகம் போட்ட சிறு சீட்டு ஒன்றைக் கொடுத்து, ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்கள். மாமி அதை வாங்கி நாலாக மடித்து, காலியான வாழைப்பழத் தோலோடு குப்பைத் தொட்டியில் போட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் நான் கண்ட ஒரே நிம்மதி.

மகன் அன்றிரவு அதிகம் பேசவில்லை. படுக்கும்போதுதான் தாத்தாவிடம் கேட்டான், கோணேசர் மலையிலிருந்து நிஜமாகவே தெரியுமா என்று. தெரியும் என்றார் மாமா. அங்கே கடல் மலையின் காலடியிலேயே பாதாளத்துக்கு இறங்குகிறது, அதனால்தான் அவ்வளவு கிட்ட வரும். தென்கரையில் பருவம் முடிந்த பிறகு, ஏப்ரல் கழித்து வா, என் பழைய தொலைநோக்கி பெட்டிக்குள் இருக்கிறது என்றார்.

"வராவிட்டால், தாத்தா?"

"வராவிட்டால் கோவில் வாசலில் கச்சான் வாங்கித் தின்றுவிட்டு, மான் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம்."