சிரிய பெனிசியப் பெண்ணுக்குத் தாழ்மைப் பட்டம் போதுமா?

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் சிரிய பெனிசியப் பெண்ணைத் தாழ்மைக்கும் விடாமுயற்சிக்கும் எடுத்துக்காட்டாகவே மறையுரைகளில் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். அந்த வாசிப்பு அவளைச் சிறுமைப்படுத்துகிறது என்பதே என் கருத்து.

இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள தீர் நகர்ப் பகுதியில் ஒரு வீட்டில், யாருக்கும் தெரியாமல் இருக்க விரும்பிய இயேசுவிடம் யூதரல்லாத இந்த வேற்றினத்துப் பெண் வந்து, தன் மகளைப் பிடித்திருக்கும் பேயை ஓட்டும்படி வேண்டுகிறாள். பிள்ளைகளுக்குரிய உணவை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது முறையல்ல என்கிறார் இயேசு; பிள்ளைகள் என்பது யூதரை, நாய்க்குட்டிகள் என்பது பிற இனத்தாரைக் குறிக்கிறது. உரையாசிரியர்கள் எவ்வளவு மென்மைப்படுத்தினாலும் அது கடுஞ்சொல்தான். அவளோ அந்த உவமைக்குள்ளேயே நுழைந்து, மேசைக்கடியில் இருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்துவதைத் தின்னுமே என்று மறுமொழி தருகிறாள். அவள் சொன்ன அந்தச் சொல்லுக்காகவே மகள் நலம் பெறுகிறாள். பரிசேயர், மறைநூல் அறிஞர், பேதுரு என எவரும் இயேசுவிடம் வாதிட்டு வெல்லாத நற்செய்தியில் வென்றவள் இவள் ஒருத்திதான்.

மாற்கு இந்நிகழ்ச்சியை வைத்திருக்கும் இடமும் கவனத்துக்குரியது. இதற்கு முன் யூதர் பகுதியில் ஐயாயிரம் பேருக்கு உணவளித்து 12 கூடைகள் மிஞ்சுகின்றன. இதற்குப் பின், பிற இனத்தார் மிகுந்த தெக்கப்பொலிப் பகுதி வழியாக வந்தபின், நாலாயிரம் பேருக்கு உணவளித்து 7 கூடைகள் மிஞ்சுகின்றன. இரண்டு முறையும் தம் கையால் பரிமாறிய சீடர்கள், சற்றுப் பின் ஒரு படகுப் பயணத்தில் அப்பம் இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். சிலுவைக் காட்சியிலும் இதே முறைதான், உடனிருப்போர் தவற வெளியாரே முன்நிற்கிறார்கள்: சீடர்கள் ஓடிவிட, சிலுவையைச் சுமப்பவர் வட ஆப்பிரிக்காவின் சிரேனைச் சேர்ந்த சீமோன், இயேசுவை இறைமகன் என்று அறிக்கையிடுபவர் உரோமை நூற்றுவர் தலைவர்.

மத்தேயு இக்கதையைத் திருத்தி எழுதும்போது அவளைக் கானானியப் பெண்ணாக்குகிறார். பாராட்டும் அவளுடைய மறுமொழியிலிருந்து நம்பிக்கைக்கு மாறிவிடுகிறது. (நம் மறையுரைகள் மாற்கைப் படித்துவிட்டு மத்தேயுவை விளக்குகின்றனவோ என்று எனக்கு ஐயமுண்டு.) லூக்காவில் இக்கதையே இல்லை.

இதைக் கொண்டு யூத மரபு குறுகியது, கிறிஸ்தவம் விரிந்தது என்று பேசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. மோவாபியப் பெண் ரூத்தையும் சிரியப் படைத்தலைவர் நாமானையும் போற்றிப் பதிவு செய்தவை எபிரேய நூல்கள்தாம். தீருக்கும் சீதோனுக்கும் இடைப்பட்ட சாரிபாத்தில், பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த கைம்பெண்ணும் அதே கடற்கரைக்காரி. அவளுடைய மகனும் உயிர் மீண்டான். அந்தக் கதையை அறிந்தவர்கள் மாற்கைக் கேட்டபோது, தீர் நாட்டில் ஒரு தாயும் அப்பமும் பிள்ளையும் என்றவுடனேயே எலியாவை நினைத்திருப்பார்கள்.