வூட்ரோ லாயிட்டையும் கொஞ்சம் நினையுங்கள்

ஜூலை 1, கனடா தினம் வந்தால் நாடு முழுக்க வாணவேடிக்கை. எனக்கு வூட்ரோ லாயிட்டின் ஞாபகம் வந்துவிடும். 1962இல் அதே நாளில்தான் அவர் முதல்வராக இருந்த சஸ்காச்சுவான் மாகாணத்தில் எல்லோருக்குமான அரச மருத்துவக் காப்புறுதி தொடங்கியது. அதை எதிர்த்து அன்றைக்கே அங்கிருந்த வைத்தியர்களில் பெரும்பாலானோர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தத் திட்டத்தின் பேச்சு வந்தாலே டொமி டக்ளஸைத்தான் சொல்வோம். சரி, தகுதியான மனிதர். 17 வருடம் முதல்வராக இருந்தவர், 1947இலேயே ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்புறுதி கொண்டுவந்தவர். ஆனால் 1961இல் அவர் மத்திய அரசியலுக்குப் போய்விட்டார். அடி முழுக்க விழுந்தது அடுத்து வந்த லாயிட்டின் தலையில்.

லாயிட் பள்ளிக்கூட வாத்தியார். 1944 முதல் கல்வி அமைச்சராக இருந்து, சிதறிக் கிடந்த கிராமத்துப் பள்ளி நிர்வாகங்களை ஒன்றாக்கியவர். அதிர்ந்து பேசாதவர். 1962 மே மாதம், கொதித்துப்போயிருந்த வைத்தியர்களின் கூட்டத்துக்கு, மாகாணத் தலைநகர் றெஜைனாவில், அவரே நேரில் போனார். பேசி முடித்தார். அப்புறம், இந்தத் திட்டத்தில் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று கேட்கப்பட்டது. ஏறக்குறைய மண்டபமே எழுந்து நின்றது. முதல்வர் அங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எத்தனை அரசியல்வாதிகள் மறுநாள் சட்டத்தைக் கிடப்பில் போட்டிருப்பார்கள்!

அவர் போடவில்லை. வேலைநிறுத்தம் 23 நாள் நீடித்தது. பிரிட்டனிலிருந்து வைத்தியர்களை வரவழைத்தார்கள். ஜூலை 11 அன்று சட்டமன்றத்தின் முன்னால் எதிர்ப்புக் கூட்டம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக, சில ஆயிரம் பேரே வந்தார்கள். கடைசியில் பிரிட்டிஷ் வைத்தியரான டெய்லர் பிரபு நடுவில் நின்று பேசி, ஜூலை 23 அன்று சஸ்கட்டூனில் உடன்பாடு கையெழுத்தானது. வைத்தியர்கள் திட்டத்துக்கு வெளியேயும் தொழில் செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் காப்புறுதி என்ற அடிப்படையை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை, மற்றதைத்தான் கொடுத்தார்.

1964 தேர்தலில் தோற்றார். ஆனால் வெற்றிபெற்ற லிபரல்களாலும் திட்டத்தை ஒழிக்க முடியவில்லை. 1966இல் மத்திய அரசே அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. லாயிட் 1970 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். பிறகு ஐ.நா. பணிக்குப் போய், 1972இல் தென்கொரியாவில் காலமானார்.

போன குளிர்காலத்தில் நள்ளிரவில் மகனைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். ஹெல்த் கார்டை நீட்டினேன். காசைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் லாயிட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.