கஸ்ஸாலி மேல் போட்ட பழி

இஸ்லாமிய உலகில் அறிவியல் தேங்கிப்போனதற்கு பதினோராம் நூற்றாண்டு மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலிதான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. தத்துவவாதிகளை மறுக்கும் 'தஹாஃபுத்' என்ற நூலை எழுதித் தத்துவத்துக்கு மூடுவிழா நடத்திவிட்டாராம். சொல்பவர்களில் பாதிப்பேர் அந்த நூலின் முன்னுரையைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த முன்னுரையில் கிரகணம் வருகிறது. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் சந்திரன் வந்தால் சூரிய கிரகணம். இதற்குச் சந்தேகமில்லாத கணித ஆதாரம் இருக்கிறது, மதத்தின் பெயரால் இதை மறுப்பவன் மதத்துக்குத்தான் கேடு செய்கிறான் என்கிறார். எழுதியது 1095 வாக்கில், பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் தலைமை ஆசிரியராக இருந்தபோது.

கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆளும் இல்லை. நட்சத்திரம் ஒரு தீனார் காசளவுதான் தெரிகிறது, கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரியது என்று வருகிறது, அப்புறம் கண்ணை எப்படி நம்புவது என்று தன் வரலாற்றில் கேட்கிறார். தஹாஃபுத் முடித்த அதே ஆண்டு பாடம் நடத்த வாய் திறந்தால் நாக்கு எழவில்லை, சோறு இறங்கவில்லை, வைத்தியர்களும் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ் போனார்.

சரி, பழி போடுபவர்கள் எடுத்துக்காட்டும் நெருப்பும் பஞ்சும்? பஞ்சை எரிப்பது நெருப்பல்ல, இறைவன் என்றார். உண்மைதான். ஆனால் அவர் சொன்னது, நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம், நெருப்பால்தான் எரிந்தது என்பதை அந்தக் காட்சி நிரூபிக்காது என்பது. நாளைக்கு நெருப்பு சுடாது என்று யாரையும் கையை விடச் சொல்லவில்லை.

அவர் இறந்தது 1111இல். பழி உண்மையென்றால், அவர் பிறந்த அதே தூஸ் ஊரில் பிறந்த வானியல் அறிஞர் நசீருத்தீன் 1259இல் ஈரானின் மராகாவில் வானாய்வுக்கூடம் தொடங்கியது எப்படி? மங்கோலியப் படையெடுப்பு, அரசுகளின் கஜானா, இதையெல்லாம் ஆராய்வதைவிட ஒரு மனிதரைக் கை காட்டுவது சுலபம்.

அவரிடம் எனக்கு வருத்தம் வேறு இடத்தில். தத்துவவாதிகளோடு இருபது விஷயங்களில் வாதாடிவிட்டு, நூலின் முடிவில் மூன்றில் அவர்களைக் காஃபிர்கள், அதாவது மார்க்கத்தை மறுத்தவர்கள் என்கிறார், மரண தண்டனை வரை போகிறார். அவ்வளவு அழகாக வாதாடத் தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் தேவையே இல்லை. பின்னாளில் தத்துவவாதி இப்னு ருஷ்து வரிக்கு வரி பதில் எழுதினார். அந்த இப்னு ருஷ்து பிறந்த ஸ்பெயினின் குர்துபாவில்தான், கஸ்ஸாலி உயிரோடிருக்கும்போதே, கஸ்ஸாலியின் 'இஹ்யா' என்ற மார்க்க நூலை மார்க்க அறிஞர்கள் கூடி எரிக்க வைத்தார்கள்.