கருவிலேயே இருக்கிறதே
குந்தி உட்காரும் பழக்கத்தால்தான் இந்தியர்களின் குதிகால் எலும்பில் உள்ள முன், நடு, பின் என்ற மூன்று மூட்டுப் பரப்புகளில் (மேலே உள்ள எலும்போடு பொருந்தும் இடங்களில்) முன்னதும் நடுவில் உள்ளதும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, ஐரோப்பியருக்கு மூன்றும் தனித்தனி என்று நான் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1965-லேயே பன்னிங், பார்னெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெரியவர்களின் எலும்போடு கருவின் எலும்பையும் ஒப்பிட்டு, பரப்புகள் சேர்ந்தோ தனித்தனியாகவோ இருக்கும் இந்த வேறுபாடு பிறப்பதற்கு முன்பே இருப்பதைக் காட்டிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளை எங்கே போய்க் குந்தும்? (சரி, சுருண்டுதான் கிடக்கிறது, அது வேறு கதை.) குந்துவதன் தடத்தைத் தேட வேண்டிய இடம் கணைக்கால் எலும்பின் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, tibia) கீழ்முனை, அதன் முன்விளிம்பு. அப்புறம், ஐரோப்பியர் என்றாலே மூன்று பரப்பும் தனித்தனி என்பதும் முழுக்கச் சரியில்லை. அங்கே அது பெரும்பான்மை, அவ்வளவுதான். பிசியோதெரபி படித்தபோது எங்கள் எலும்புப் பெட்டியிலேயே இரண்டு வகையும் கலந்து கிடந்தன.