ஒரு மீட்டர் கணக்கு கட்டுமானத்துக்கு அல்ல
"மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அஸ்திவாரம் தோண்டலாம், பசுமைத் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 2013இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட அந்த உத்தரவு டெல்லியில் மரங்களின் அடியைச் சுற்றிப் போட்ட கான்கிரீட்டை ஒரு மீட்டர் அளவுக்கு அகற்றச் சொன்னது. தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகட்டும் என்பதற்காக. பள்ளம் தோண்ட அது அனுமதி இல்லை.

வேர் கிணறு மாதிரி நேராகக் கீழே போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும், கிளை விரிப்பையும் தாண்டிப் பரவும். மரங்களுக்கு அருகே கட்டுமானம் செய்வதற்கான பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை, மரத்தைச் சுற்றி அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு ஆரத்தைக் காக்கச் சொல்கிறது. அரை மீட்டர் குறுக்களவுள்ள வேம்புக்கு ஆறு மீட்டர்!

அப்புறம், தோண்டாவிட்டாலும் லாரி ஏறினால், மணல் குவித்தால் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். மரம் உடனே சாகாது, சில வருஷம் கழித்து நுனிக்கிளை காயும். அப்போது யாரும் கட்டடத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் எனக்கு வேதனை. வேலை தொடங்கும் முன்பே அந்த ஆறு மீட்டருக்கும் வேலி போடச் சொல்லுங்கள்.