பதினஞ்சு வயசுல தெரிஞ்சா அது ஆட்டிசம் இல்லையாம்

அந்த யூட்யூப் பேட்டியை இந்நேரம் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள், ரொம்ப நன்றி. "பதினாலு பதினஞ்சு வயசுல கண்டுபிடிக்கிறதெல்லாம் ஆட்டிசமே இல்லைங்க, வீட்ல பாசம் கிடைக்காத பிள்ளைங்க" என்று பேட்டி கொடுத்தவர் சிரிக்கிறார், தொகுப்பாளர் தலையாட்டுகிறார், கீழே இதயமாகக் கொட்டுகிறது.

ஒரு பிள்ளை இன்றைக்கு நடந்துகொள்வதை மட்டும் வைத்து ஆட்டிசமா மனக்காயமா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணைப் பார்க்காது, கூட்டத்தில் ஒதுங்கும், சின்ன மாற்றத்துக்கும் வெடிக்கும். வெளியே தெரிவது இரண்டிலும் ஒன்றுதான். ஏன் செய்கிறது, எப்போதிருந்து செய்கிறது என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெதர் மோரன் 2010-இல் இதற்கென்றே ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டார். சாப்பாட்டையே எடுங்கள். ஆட்டிசப் பிள்ளை நிறமும் பதமும் பார்த்து ஒதுக்கும். அட்டாச்மென்ட் சிக்கல், அதாவது வளர்ப்பவர்களோடு பாதுகாப்பான பிணைப்பு உருவாகாத சிக்கல், உள்ள பிள்ளைக்கு அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம், அதனால் பதுக்கும்.

என் மகளின் அப்பா 2021-இல் கொரோனாவில் போனார். அதன்பிறகு அவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. கவுன்சிலர் "துக்கம்" என்று எழுதிவிட்டு ஃபைலை மூடினார். சரி, துக்கம்தான், எனக்கும்தான் துக்கம். ஆனால் அவள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்திலேயே, மிக்ஸி ஓடினால் மொட்டை மாடிக்கு ஓடுவாள். கழுத்து லேபிளை வெட்டாத சட்டையைப் போடமாட்டாள். இட்லியில் சட்னி பட்டால் அந்தத் தட்டே வேண்டாம். மூன்று வயதில் அவளுக்கு என்ன மனக்காயம்? கடைசியில் ஒரு உளவியலாளர்தான் என்னையும் என் மாமியாரையும் உட்காரவைத்து, அவள் குழந்தையாக இருந்தபோது எப்படி என்று கிளறிக் கிளறிக் கேட்டார். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 சொல்வதும் அதுதான். அறிகுறிகள் சிறுவயதிலேயே இருக்கவேண்டும், ஆனால் சமாளிக்க முடியாத நெருக்கடி வரும்வரை முழுதாக வெளியே தெரியாமலும் போகலாம். ஒன்பதாம் வகுப்பை விட என்ன நெருக்கடி வேண்டும்?

மனக்காயமே கிடையாது என்கிறேன் என்று வந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனும் பேசமாட்டான், ஆட்டிசமா பாருங்கள் என்று பள்ளியில் அனுப்பினார்கள். படியேறும் செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பா குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவான் அவன். பைக்குள் பிஸ்கட் பாக்கெட்டுகள். அவனுக்கு ஆட்டிசம் என்று எழுதியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். வகுப்பே சேர்ந்து என் மகளை "ரோபோ" என்று கூப்பிட்டது காயம் இல்லையா?

நீ டாக்டரா என்பீர்கள். இல்லை. பேட்டி கொடுத்தவரும் இல்லை, திரையிலேயே "வாழ்வியல் பயிற்சியாளர்" என்று போட்டிருந்தது. இப்போது இது ஃபேஷன் என்பீர்கள். ஆமாம், சர்டிஃபிகேட்டுக்கு வரிசையில் நிற்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்து ருமேனியாவைக் காட்டினார். உண்மைதான். 1989-இல் சர்வாதிகாரி சாவுசெஸ்குவின் ஆட்சி விழுந்தபின் அங்கிருந்த காப்பகக் குழந்தைகள் பலர் பிரிட்டனுக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் சிலருக்கு ஆட்டிசம் போன்ற அடையாளங்கள் இருந்ததை பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு 1999-இல் எழுதியது. தூக்க ஆளில்லாமல், பேச ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடந்த குழந்தைகள் அவர்கள். அதையும், சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவருகிற அம்மாவையும் ஒரே தராசில் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

ஏனென்றால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்தப் பேட்டியில் அவர் கேட்ட முதல் கேள்வியே "அம்மா வேலைக்குப் போறாங்களா?" அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டிசத்தை 1943-இல் விவரித்த மனநல மருத்துவர் லியோ கேனரே பெற்றோரின் குளிர்ந்த மனசைக் குறை சொன்னவர். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான மனநலச் சிகிச்சைப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அதையே பெரிய கொள்கையாக்கினார். 1969-இல் கேனர் பெற்றோர் கூட்டத்திலேயே நின்று உங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தி நம் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு இன்னும் வந்து சேரவில்லை போல.

அங்கேயும் அந்த வீடியோ வந்தது. கேட்டால் "பொதுவா சொன்னதும்மா, உன்னைச் சொல்லலை" என்கிறார்கள். பொதுவாகச் சொன்னதை என் பெயரை டேக் பண்ணி எதற்குப் போட்டீர்கள், சித்தப்பா?